யார் எந்த வண்டியை ஏன் வாங்குகிறார்கள்? கன்சல்டிங் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு டூவீலர் கன்சல்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். பழைய பைக், ஸ்கூட்டர்களை வாங்கி, பட்டி டிங்கரிங் பார்த்து, ஆர்.சி. புக் மாற்றிக் கொடுத்து விற்கும் கடை. இங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே ஆள் வண்டி வாங்க வரும்போது சொல்லும் காரணத்தையும் கேட்கலாம், நாலு வருடம் கழித்து அதையே விற்க வரும்போது சொல்லும் காரணத்தையும் கேட்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப் போகாது. விற்கும்போது சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது என் அனுபவம். கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லோரும் மைலேஜ் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

வாயால் சொல்வது அதுதான். "எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்காமல் யாரும் வண்டி மேல் கை வைப்பதில்லை. மூன்று லட்ச ரூபாய் வண்டியாக இருந்தாலும் அந்தக் கேள்வி வந்தே தீரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பவர் குறைவு.

நாமே போட்டுப் பார்ப்போம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஒருவர். லிட்டருக்கு 65 கொடுக்கும் நூறு சிசி வண்டிக்கு மாதம் பதினைந்தரை லிட்டர் போதும். 45 கொடுக்கும் 150 சிசி வண்டிக்கு 22 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பெட்ரோலை லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 680 ரூபாய் சுமார். உணவு டெலிவரி வேலையில் மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் பையனுக்கு இது இரண்டாயிரத்தைத் தாண்டும். அவன் மைலேஜ் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று நாளுக்கு ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதத்துக்கு நூற்றிருபது ரூபாய்தான் மிச்சம். இருந்தும் அவர்தான் அழுத்தி அழுத்திக் கேட்பார். காரணம் வேறொன்றுமில்லை, வீட்டில் போய்ச் சொல்ல ஒரு பதில் வேண்டும். மைலேஜை எதிர்த்து யாரும் பேச முடியாது.

இந்தப் பேச்சு 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்த காலத்திலிருந்து சூடு பிடித்தது. அதற்கு முன் ரோட்டில் ஓடியவை ராஜ்தூத், எஸ்டி, புல்லட், பஜாஜ் ஸ்கூட்டர். இதில் புல்லட் தவிர மற்றவை எல்லாம் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் கேட்கும். சிடி 100 நாலு ஸ்ட்ரோக். பெட்ரோலைப் போடு, டாங்கை மூடு, அப்புறம் மறந்துவிடு என்றுதான் விளம்பரமே செய்தார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பையனுக்கு வண்டி வாங்க வரும் அப்பாக்கள்.

ஸ்ப்ளெண்டரில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பலம். 1994-ல் வந்த வண்டி, 97.2 சிசி, சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கும் எளிய இன்ஜின். வேகம் கிடையாது, திரும்பிப் பார்க்க வைக்கும் அழகும் கிடையாது. ஆனால் துறையூர் தாண்டி பச்சமலை அடிவாரத்தில் பஞ்சர் ஒட்டும் கடையில்கூட அதன் கிளட்ச் கேபிள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

பலர் யோசிக்காத விஷயம் இது. நம் ஊரில் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் பாதிப் பங்கு மெக்கானிக்குக்கு. எங்கள் கடையில் பேரம் முடிந்து முன்பணம் எடுக்கப் போகும் நேரத்தில் வாடிக்கையாளர் போனை எடுப்பார். "அண்ணே, இந்த வண்டி பாத்திருக்கேன், எடுக்கலாமா?" எதிர்முனையில் "வேணாம்ணே, ஸ்பேர் கிடைக்காது" என்று ஒரு வரி வந்தால் அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. நாங்கள் என்ன பேசினாலும் எடுபடாது.

ஸ்பேர் கிடைக்காது என்பது சில நேரம் உண்மை. சில நேரம் "எனக்கு இந்த வண்டி பழக்கமில்லை" என்பதை மரியாதையாகச் சொல்வது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. கூடவே சென்சார்கள் வந்தன. பிளக்கைக் கழற்றி, நெருப்பு அடிக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடித்த கோளாறை இப்போது ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஸ்கேனர் எல்லாத் தெருவிலும் இல்லை. அதனால்தான் இன்றும் கிராமத்திலிருந்து வருபவர்கள், "கார்ப்பரேட்டர் வண்டி இருக்கா?" என்று குறிப்பாகக் கேட்டு, 2019 மாடலுக்குப் புதுசை விடக் கொஞ்சம்தான் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

புல்லட் வாங்குகிறவர்கள் கெத்துக்காகத்தானே வாங்குகிறார்கள்?

கெத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா புல்லட்காரரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தப்பு.

முதலில், அது நம் ஊர் வண்டி. அதைச் செய்யும் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்து கம்பெனிதான் என்றாலும் 1955-லேயே சென்னை திருவொற்றியூரில் பாகங்களைச் சேர்த்து வண்டியாக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. ராணுவமும் போலீஸும் அதை எடுத்தன. இன்ஸ்பெக்டர் வருகிறார், பண்ணையார் வருகிறார் என்பதெல்லாம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே தெரிந்த காலம் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டி புல்லட் கேட்டு வருபவர் அனேகமாக அந்தக் காலத்தில் தெருவில் நின்று பார்த்த பையன். அவருக்கு வேகமும் வேண்டாம், மைலேஜும் வேண்டாம். ரிட்டையர்மென்ட் பணம் வந்ததும் நேராக வருகிறார்.

அவர் மனதில் இருப்பது பழைய இரும்பு இன்ஜின் புல்லட். அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் கால் நின்றுவிடும். அப்போது ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் விடுபடும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை இம்மி இம்மியாக நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. சரியாகச் செய்தால் ஒரு மிதியில் பிடிக்கும். தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்துக்கு பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்.

இவ்வளவு தொல்லையையும் ஒருவர் விரும்பி ஏற்றுக்கொள்கிறார் என்றால் அந்தத் தொல்லைக்காகத்தான் ஏற்றுக்கொள்கிறார். வேறு யாராலும் ஸ்டார்ட் செய்ய முடியாத வண்டி தன்னிடம் இருக்கிறது என்பதில் ஒரு சுகம். மச்சான் இரவல் கேட்க மாட்டான் என்பதும் உண்டு.

2021-ல் வந்த புது கிளாசிக் 350 வேறு ரகம். செல்ஃப் ஸ்டார்ட், 349 சிசி, அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட். 195 கிலோ எடை என்றாலும் ஓட்டுவது சுலபம். இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள், ஐ.டி. அல்லது வெளிநாட்டுச் சம்பளம், லீவில் கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்க வேண்டும் என்ற எண்ணம். பழைய ஆட்கள் இதைப் பார்த்து, "சத்தமே இல்லையே தம்பி" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

புல்லட்டை ஏன் விற்கிறார்கள்? இதில் ஒளிவுமறைவே கிடையாது, எடைதான் காரணம். மாடி வீட்டுக்காரர் என்றால் கீழே நெருக்கிக்கொண்டு நிற்கும் பத்து வண்டிகளுக்கு நடுவிலிருந்து தினமும் 195 கிலோவைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். முட்டி வலி ஆரம்பித்ததும் கடைக்கு வந்துவிடுகிறது.

முப்பது வருடம் பழைய ஆர்எக்ஸ் 100-க்கு லட்ச ரூபாய் கொடுப்பவர்களுக்கு என்ன ஆச்சு?

எனக்கும் முதலில் விளங்கவில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 நம் நாட்டில் 1985 முதல் 1996 வரைதான் வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை. கணக்கு அவ்வளவுதான். ஆனால் நூறு சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் ஏழெட்டு குதிரைசக்தியோடு ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் இது இறங்கியது. ஆக்ஸிலேட்டரைத் திருகியவுடன் முன் சக்கரம் லேசாகிவிடும். செயின் பறிப்பவர்களும் இதைத்தான் தேடினார்கள், அவர்களைத் துரத்தியவர்களும் இதைத்தான் தேடினார்கள் என்று அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். புகை விதிகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின, இதுவும் போனது.

இன்று அதைக் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வண்டி நின்ற பிறகு பிறந்தவர்கள். அதை அவர்கள் புதிதாகப் பார்த்ததே இல்லை. பெரியப்பாவிடம் இருந்தது, மாமாவிடம் இருந்தது என்று ஆரம்பிப்பார்கள். "எங்க மாமா பதினெட்டாயிரத்துக்குக் கொடுத்துட்டாரு அண்ணே" என்று சொல்லும்போது குரலில் சொத்தை இழந்த வருத்தம் இருக்கும். அந்த வீட்டில் அந்த வண்டியைப் பற்றிய பேச்சு வண்டியை விட அதிகக் காலம் ஓடியிருக்கிறது. பேச்சைத்தான் இவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் நல்ல லாபம்.

எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு வைத்துப் பாருங்கள். ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135 இன்ஜினை 100 சேசிஸில் ஏற்றி விற்பது சர்வசாதாரணம். நம்பர் பொறித்த இடம் மட்டும் தேய்த்த மாதிரி வழுவழுவென்று இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். புதுப்பிக்காத வண்டியை வாங்கினால் நீங்கள்தான் ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

காலேஜ் பையன்கள் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி வண்டி கேட்கிறார்கள்?

பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் அது இருப்பதால். 2001-ல் பல்சர், 2008-ல் ஆர்15, 2012-ல் டியூக் 200 என்று தலைமுறைக்கு ஒன்று. இந்த வயதில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது பையன், பணம் கொடுப்பது அப்பா, பின்னால் உட்கார வேண்டியவர் அம்மா. இந்த மூன்றாவது ஆளை யாரும் கேட்பதில்லை.

ஆர்15, டியூக் மாதிரி வண்டிகளில் பின் சீட் உயரமாக, உள்ளங்கை அகலத்தில், முன்னால் சரிந்து இருக்கும். சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காரவே முடியாது. நம் நாட்டு விதிப்படி (மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி) மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தடுப்புதான் சேலை கார்டு. ஷோரூமிலிருந்து வண்டி வந்த மறுநாளே பையன்கள் அதைக் கழற்றி மாடியில் போட்டுவிடுவார்கள், பார்க்க அசிங்கமாம். பிறகு கல்யாணம் ஆனதும் அதே பையன் எங்கள் கடை வாசலில் வந்து, "அண்ணே, இந்த மாடலுக்குப் பழைய சேலை கார்டு கிடைக்குமா?" என்று கேட்பான். கார்டு கிடைத்தாலும் சீட் மாறாது. ஆறு மாதத்தில் வண்டி எங்களிடம் வந்துவிடும், அவன் ஒரு ஸ்கூட்டரில் போய்விடுவான். ஐந்து வருடத்துக்குள் விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இந்தக் கதை ஏராளம்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லை எல்லாம் பைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

தாராளமாக. காரணத்தோடு வாங்கப்படும் ஒரே வண்டி அதுதான் என்பேன். 1980-ல் டிவிஎஸ் 50 ஆக ஓசூரில் பிறந்தது, 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 ஆனது. கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம்.

விடியற்காலையில் காந்தி மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு வாழை இலைக் கட்டு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பூப்பை. ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது முன் சீட் மட்டும். அவர் அதை வாங்கும்போது நிறம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்வான் என்று யோசிக்கவில்லை. "எவ்வளவு கிலோ தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். கம்பெனி சொல்லும் எடையை விட எவ்வளவு கூட ஏற்றலாம் என்பது அடுத்த கேள்வி. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. எக்ஸ்எல்லை விற்க வருகிறவர் அனேகமாக இன்னொரு எக்ஸ்எல் வாங்கவே வருவார்.

ஏன் இத்தனை வண்டிகள் 350 சிசிக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன?

அங்கே ஒரு வரிக்கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. அதற்கு முன் இரண்டுக்கும் 28 சதவீதம், மேலே உள்ளதற்கு மட்டும் செஸ் என்ற கூடுதல் வரி 3 சதவீதம். அதாவது முன்பு சின்னப் படியாக இருந்தது இப்போது சுவராகிவிட்டது. கிளாசிக், ஹண்டர் இரண்டும் 349 சிசி, ஹோண்டா சிபி 350-யும் கோட்டுக்கு உள்ளே. ஹிமாலயன் 450 கோட்டுக்கு வெளியே.

இன்சூரன்ஸிலும் இதே கோடு உண்டு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஆண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கட்ட வேண்டும் என்பதால் ஷோரூம் பில்லில் இது நன்றாகவே உறைக்கும்.

பெண்கள் ஏன் கியர் பைக் பக்கம் வருவதில்லை?

வருகிறார்கள், குறைவாக. பழக்கம் ஒரு காரணம், உடை ஒரு காரணம், சீட் உயரம் ஒரு காரணம். அரசும் கியர் இல்லாத வண்டிப் பக்கமே தள்ளியது. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு பாதி விலை, அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தார்கள். அது கியர் இல்லாத அல்லது தானியங்கி கியர் வண்டிகளுக்குத்தான்.

எங்கள் கடையில் நான் கவனித்தது வேறு. பெண் தனியாக வந்து கியர் வண்டி கேட்டால் கூடவே ஒரு முன்கூட்டிய விளக்கமும் தருவார். "எனக்கு ஓட்டத் தெரியும்ணே, அண்ணன் வண்டிய ஓட்டுவேன்" என்று. ஆண்கள் யாரும் இந்த விளக்கத்தைத் தந்ததில்லை, ஓட்டத் தெரியாதவர்கள் உட்பட.

நிறம், நம்பர், நல்ல நாள் இதெல்லாம் உண்மையிலேயே பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள். கருப்பு சீக்கிரம் போகும். நம்பரைக் கூட்டினால் எட்டு வரும் வண்டி கடையில் நின்றுகொண்டே இருக்கும், இரண்டாயிரம் குறைத்தால் போகும். ஆடியில் வியாபாரம் படுத்துவிடும், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நிமிரும். எட்டு பிடிக்காதவர்கள் இருப்பதால் எட்டைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள், விவரமானவர்கள்.

எலெக்ட்ரிக்?

ஸ்கூட்டரில் நன்றாகப் போகிறது. ஏத்தர் ஓசூரில், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்று தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பைக் கேட்டு வருபவர்கள் இன்னும் சத்தம் கேட்கிறார்கள். பழைய வண்டி வியாபாரத்தில் எங்கள் பயமெல்லாம் பேட்டரிதான். அதன் மீதி ஆயுளைக் கண்ணால் பார்த்து விலை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போ நான் எந்த வண்டி வாங்கட்டும்?

இந்தக் கேள்விக்கு வண்டிப் பெயரை நான் சொல்வதில்லை, திரும்பக் கேட்பேன். பின்னால் யார் உட்காருவார்கள்? ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? உங்கள் மெக்கானிக் யார், அவர் கடையில் இப்போது எந்தெந்த வண்டிகள் பிரித்துக் கிடக்கின்றன? மாதம் எவ்வளவு கிலோமீட்டர் ஓடும், மனதில் நினைப்பது வேண்டாம், பழைய வண்டியின் மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். டியூ கட்டப்போவது யார்?

இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, "சரிண்ணே, ஆனா அந்த சிவப்பு வண்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்று மூலையைக் காட்டுபவர்கள் உண்டு. சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?

125 சிசி ஹோண்டா ஷைன், சாம்பல் நிறம். கடையில் யாரும் கேட்காமல் எட்டு மாதம் நின்றது. முதலாளி வெயிலில் நிற்கிறதே என்று என்னிடம் தள்ளிவிட்டார். நம்பரைக் கூட்டினால் எட்டு.